ஹார்ட் டிஸ்க் இல்லாத இருபது கம்ப்யூட்டர்கள்

கடலாடிக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தேன். இரண்டாயிரம் பிறந்து ஆறேழு வருடம் ஆகியிருந்த சமயம். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று ஒரு லாரி வந்து நின்றது. சென்னையில் ஏதோ ஒரு அலுவலகத்தைக் காலி செய்தார்களாம். அங்கே வேலை பார்த்த எங்கள் பள்ளியின் பழைய மாணவர் ஒருவர் கேட்டு வாங்கி, இருபது சின்னக் கம்ப்யூட்டர்களும் ஒரு பெரிய கம்ப்யூட்டரும் அனுப்பியிருந்தார். ஆய்வகத்தில் அதுவரை இருந்தவை மூன்றே மூன்று. ஒன்று எழுந்தால் இன்னொன்று படுத்துவிடும். தலைமையாசிரியர் மாலை போடாத குறையாக லாரியை வரவேற்றார்.

நான் ஒரு சின்னக் கம்ப்யூட்டரைத் திருகாணி கழற்றித் திறந்து பார்த்தேன். உள்ளே ஹார்ட் டிஸ்க்கைக் காணோம். இன்னொன்றைத் திறந்தேன். அதிலும் இல்லை. இருபதிலும் இல்லை. வழியில் யாரோ கழற்றி விற்றுவிட்டார்கள் என்றே கிளார்க் முடிவு கட்டிவிட்டார். சென்னைக்குப் போன் போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. அவை பிறந்ததே அப்படித்தானாம். சொந்தமாக எதையும் வைத்துக்கொள்ளாது. சுவிட்சைப் போட்டதும், நான் யார், என் முகவரி என்ன, இப்போது நான் என்ன செய்ய வேண்டும் என்று வயர் வழியாகக் கேட்கும். அந்தப் பெரிய கம்ப்யூட்டர், அதாவது சர்வர், பதில் சொல்ல வேண்டும். பதில் வந்தால் எழும். வராவிட்டால் கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் துடித்துக்கொண்டு நிற்கும்.

"அப்ப பெருசு படுத்துட்டா இருபதும் படுத்துருமாம்மா?" என்று தலைமையாசிரியர் கேட்டார்.

ஆமாம் என்றேன். லாரியைப் பார்த்து வந்த சந்தோஷம் அதோடு அவர் முகத்தைவிட்டுப் போனது.

எனக்கு ஏன் அந்த இருபதும் அவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் பிரிவு ஆரம்பித்து அது இரண்டாவது வருடம். முதல் செட் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தார்கள். மாசிக்கு முன்னால் அவர்களுக்குச் செய்முறைத் தேர்வு வரும். பாடத்தின் கால்வாசி மதிப்பெண் அதற்குத்தான். அதற்கு வராவிட்டால் எழுத்துத் தேர்வில் எவ்வளவு எழுதிக் கிழித்தாலும் பாடத்தில் ஃபெயில்தான். ஆய்வகத்தில் போதுமான கம்ப்யூட்டர் ஓடினால் தேர்வு எங்கள் பள்ளியிலேயே நடக்கும். இல்லையென்றால் ராமநாதபுரத்துக்குப் போய் எழுத வேண்டும். மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து பார்த்து எழுதிக் கொடுப்பதைப் பொறுத்தது அது.

ராமநாதபுரம் ஒன்றும் டெல்லி இல்லை. பஸ் இருக்கிறது. ஆனால் என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அப்பா மிளகாய் விவசாயம். பதினொன்றாம் வகுப்பில் சேர்க்க வந்த அன்றே அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வெளியூருக்கு அனுப்புகிற வேலையெல்லாம் இதில் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தால் வரலாறு படிக்கட்டும், வரலாற்றுக்குச் செய்முறை கிடையாதல்லவா என்றார். எனக்கு அந்தப் பிரிவில் பிள்ளை சேர வேண்டும் என்ற அவசரம்.

"எல்லாம் இங்கனயே நடக்கும்யா. நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன்.

அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. ஒப்பந்தச் சம்பளத்தில் இருந்தவள் நான். சொன்னது சொன்னதுதான். அவளும் சேர்ந்தாள். வகுப்பில் நான் பாதி சொல்லும்போதே மீதியைப் புரிந்துகொள்கிற ஒரே பிள்ளை அவள்தான் என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிட்டது.

சரி, சர்வருக்கு வருகிறேன். பழைய மாணவரின் நண்பர் ஒருவர் ஒரு சிடியும், எப்படி நிறுவ வேண்டும் என்று நாற்பது பக்கத் தாளும் அனுப்பியிருந்தார். நாற்பது பக்கத்தையும் படித்தேன். புரிந்தது நான்கு பக்கம். மீதியைத் தப்புத் தப்பாகச் செய்துதான் புரிந்துகொண்டேன். முகவரி கொடுக்கிற பகுதி ஓடினால் கோப்பு அனுப்புகிற பகுதி ஓடாது. கோப்பு போனால் பாதியில் நிற்கும். ஐந்து எழும், பதினைந்து முழிக்கும். மறுநாள் வேறு ஐந்து எழும். ஒவ்வொரு கம்ப்யூட்டரின் முதுகிலும் ஒட்டியிருந்த பன்னிரண்டு எழுத்து அடையாள எண்ணைக் குனிந்து பார்த்து நோட்டில் எழுதி, சர்வரில் ஏற்றினேன். அதில் எட்டையும் பி என்ற எழுத்தையும் நான் குழப்பிய இடங்களைத் தேட மட்டும் இரண்டு நாள் ஆனது. நடுவில் கரண்ட் போகும். வரும்போது சர்வர் எழுந்திருக்க ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் மறுபடி போகும். அந்த மாதங்களில் நான் வாய்விட்டுத் திட்டாத நாளே கிடையாது. ஆய்வகத்துக்கு வெளியே செருப்பு விடுகிற பிள்ளைகள் கதவுக்குப் பக்கத்தில் நின்று காதைத் தீட்டிக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

பொங்கல் கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை இருபதும் எழுந்தன. கறுப்புத் திரை போய், பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிற நீலத்திரை வரிசையாக இருபதிலும். அந்தப் பெண் ஏழாம் நம்பரில் உட்கார்ந்து தன் பெயரைக் கொடுத்து உள்ளே போனாள். ஒவ்வொரு பிள்ளையாகப் போனார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க, மின்விசிறியைக் கூட்டி வை என்று யாரையோ அதட்டினேன். அதிகாரி வருவது அடுத்த வியாழக்கிழமை.

மறுநாள் சனிக்கிழமை பள்ளிக்கூடம் உண்டு. நான் லீவு. என் சொந்த ஊர் கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், தீவில் இருக்கிற அக்காள்மடம். வார நாட்களில் கடலாடியில் ஒரு அறையில் தங்கியிருந்தேன். அந்தச் சனிக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று வீட்டில் வரச் சொல்லியிருந்தார்கள். வந்தார்கள், பார்த்தார்கள், கம்ப்யூட்டர் டீச்சர் என்றால் நிரந்தர வேலையா என்று கேட்டார்கள், பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அது வேறு எரிச்சல்.

திங்கட்கிழமை காலை வந்து சுவிட்சைப் போட்டேன். இருபதும் எழுந்தன. நீலத்திரை வந்தது. பிள்ளைகள் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தார்கள். தவறு என்றது. மறுபடி கொடுத்தார்கள். தவறு. இருபதிலும் தவறு. என் பெயரைக் கொடுத்தேன். நான்தான் அந்தச் சர்வரை உண்டாக்கியவள். என்னையும் தவறு என்றது.

அன்று முழுக்க சர்வருக்கு முன்னாலேயே நேராக உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுக் கடவுச்சொல் போட்டேன். பலன் இல்லை. பெயர்களையே அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினேன். பலன் இல்லை. வயர்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினேன். வயர் சரியில்லையென்றால் கம்ப்யூட்டர் எழுந்தே இருக்காது என்று எனக்கே தெரியும். இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை புத்தி வந்து, சர்வர் தனக்குள் எழுதி வைக்கிற நாட்குறிப்பைத் திறந்து படித்தேன். அதில் ஒரே வரி நூறு தடவை எழுதியிருந்தது. நேர வித்தியாசம் அதிகமாக இருக்கிறது, உள்ளே விட முடியாது. நாற்பது பக்கத் தாளைப் புரட்டினேன். கேட்கிற கம்ப்யூட்டரின் மணிக்கும் சர்வரின் மணிக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், பாதுகாப்புக்காகச் சர்வர் கதவைத் திறக்காதாம். சின்னக் கம்ப்யூட்டர்கள் சர்வரிடமிருந்தே மணியை வாங்கிக்கொள்ளும்படி செய்ய ஒரு வரி எழுத வேண்டும் என்றும் அதே பக்கத்தில் இருந்தது. அதை நான் எழுதவில்லை. ஒவ்வொன்றுக்கும் புது பேட்டரி போட்டு, கையாலேயே மணி வைத்திருந்தேன், அது போதும் என்று நினைத்துவிட்டேன்.

அப்பாடா, கிடைத்துவிட்டது என்று இருபது கம்ப்யூட்டரின் மணியையும் என் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. என் கைக்கடிகாரம் பிசகாது. பாலம் தாண்டிப் போய்வருகிறவள், பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவள். ரேடியோ செய்திக்கு வைத்த மணி அது. அடுத்து சர்வரின் மணியைப் பார்த்தேன். நிமிர்ந்து ஆய்வகச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். அதுவும் சரியாக இருந்தது. எல்லா மணியும் சரி. அப்படியானால் நாட்குறிப்புதான் உளறுகிறது என்று முடிவு செய்தேன்.

இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் நடந்தது இதுதான்.

புதன்கிழமை சென்னைக்குப் போன் போட்டேன். சிடி அனுப்பிய அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சர்வரில் மணி சரியாக இருக்கிறதா பாருங்கள் என்றார். பார்த்துவிட்டேன் என்றேன். நன்றாகப் பாருங்கள் மேடம் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சுவரில் மாட்டியிருக்கிற கடிகாரத்தைப் பார்க்கக்கூடத் தெரியாதவளா நான், ஊர்ப்புறத்துப் பள்ளிக்கூடம் என்றால் மணிகூடப் பார்க்கத் தெரியாது என்று நினைப்பா என்று கேட்டுவிட்டேன். அவர் மன்னிப்புக் கேட்டார். அப்படியென்றால் எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து நிறுவுங்கள் என்றார். நிறுவினேன். புதன் மதியம் தொடங்கி, வியாழன் காலை முதல் மணி அடிப்பதற்குள் முடித்தேன். இருபதும் எழுந்தன. நீலத்திரை. பெயர். கடவுச்சொல். தவறு.

கடிகாரம் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதில்லை, போர்டில் தனியாக ஓடுகிறது. நான் எத்தனை முறை அழித்துப் போட்டாலும் அது தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும். இது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

அதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான். அவசரப்படவில்லை. ஆய்வகத்தில் அரை மணி நேரத்துக்குமேல் நின்றார். நாலைந்து கம்ப்யூட்டரில் பிள்ளைகளை உட்காரச் சொன்னார். எல்லாம் நீலத்திரையோடு நின்றது. வெள்ளிக்கிழமை ஓடியது சார் என்றேன். தலையை ஆட்டினார். ஓடிக்கொண்டிருந்தது சார் என்றேன். அதற்கும் தலையை ஆட்டினார். அந்தப் பெண் ஏழாம் நம்பருக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியர் அறைக்குப் போய் அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேர்வு மையத்துக்குத் தகுதியில்லை.

பிறகு பார்வையாளர் பதிவேட்டில் வந்த நேரம், போகிற நேரம் எழுத வேண்டும். தன் செல்போனைப் பார்த்து எழுதினார். தலைமையாசிரியர் சுவரைக் காட்டி, மணி அதைவிடக் கூட ஆகிவிட்டது சார் என்றார். அதிகாரி செல்போனையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடுகிறதே என்றார். தலைமையாசிரியர் சிரித்தார். எங்கள் பள்ளியில் எல்லாக் கடிகாரமும் அப்படித்தான், பஸ்ஸில் வருகிற பிள்ளைகளும் வாத்தியார்களும் நேரத்துக்கு வர வேண்டுமே என்று வேண்டுமென்றே வைத்தது என்றார்.

மணி அடிப்பது, கடிகாரங்களுக்குச் சாவி கொடுப்பது, பேட்டரி போடுவது எல்லாம் கிளார்க்கின் பொறுப்பு. அவர் பீரோவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நல்ல பெயர் வாங்குகிற நேரம் வந்துவிட்டது என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது.

"புதுசா வந்த அந்தப் பெரிய மிசின் ஒண்ணுதான் சார் பத்து நிமிசம் பின்னாடி ஓடிச்சு. சனிக்கிழம பாத்தேன். டீச்சர் லீவுல போயிருந்தாக. அதயும் நானே மாத்தி வச்சிட்டேன்" என்றார்.

சர்வரின் கடவுச்சொல்லைக் கவரில் போட்டு ஒட்டி அலுவலக பீரோவில் வைக்க வேண்டும் என்பது தலைமையாசிரியரின் உத்தரவு. கிளார்க் அந்தக் கவரைத்தான் பிரித்திருக்கிறார். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஒரு கடிகாரம் மட்டும் பின்தங்கி ஓடுவதை அவரால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர்மேல் அல்ல. சுவர்க்கடிகாரம் பத்து நிமிடம் முந்தி ஓடும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? அந்தப் பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். சுவரைப் பார்த்ததும் மனசு தானாகப் பத்தைக் கழித்துக்கொள்ளும். என் வீட்டுக் கடிகாரமும் அப்படித்தான். கையில் ஒரு மணி, சுவரில் ஒரு மணி, இரண்டும் சரி என்று இரண்டு வருடமாகப் பார்த்துப் பழகிய கண்ணோடுதான் நான் சர்வரைப் பார்த்திருக்கிறேன். சர்வருக்குக் கழிக்கத் தெரியாது. அது முதல் நாளே உண்மையைச் சொல்லிவிட்டது. நான்தான் அதை உளறல் என்றேன்.

ஆய்வகத்துக்கு ஓடினேன். சர்வரின் மணியைப் பத்து நிமிடம் பின்னால் தள்ளினேன். அந்தப் பெண் இன்னும் அங்கேயே நின்றிருந்தாள். பெயரைப் போடு என்றேன். போட்டாள். உள்ளே போனது. மற்ற பிள்ளைகளும் ஓடி வந்து உட்கார்ந்தார்கள். இருபதும் உள்ளே விட்டன.

நான் திரும்ப ஓடி வந்தபோது அதிகாரி ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார். ஓடுகிறது சார், ஒரே ஒரு நிமிடம் வந்து பாருங்கள் என்றேன். கிட்டத்தட்ட ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஓடுதுன்னு நீங்க சொன்னா நம்புறேம்மா. ஆனா நான் பாத்தப்ப ஓடல. அதத்தான் எழுதிருக்கேன். அடிச்சுத் திருத்துனா நாளைக்கு என்னையக் கேப்பாங்க" என்றார்.

தலைமையாசிரியரைப் பார்த்தேன். அவர் ஜீப்புக்கு வழி விடச் சொல்லி எனக்குக் கையைக் காட்டினார். ஜீப் போய்விட்டது.

அதற்கு மேல்முறையீடு, கடிதம், ராமநாதபுரத்துக்கு நாலு நடை. எதுவும் பலிக்கவில்லை. மையப் பட்டியல் அச்சாகிவிட்டது என்றார்கள். இதற்கிடையில் இருபது கம்ப்யூட்டரும் ஒரு நாள்கூட மக்கர் செய்யாமல் ஓடிக்கொண்டிருந்தன. அந்த ஒரு வரியையும் எழுதிவிட்டேன். இனி யார் எந்த மணியை மாற்றினாலும் எல்லாம் சேர்ந்து மாறும். அவை அவ்வளவு ஒழுங்காக ஓடியதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

தேர்வுக்கு நான்கு நாள் முன்னால் அந்தப் பெண்ணின் அப்பாவைப் பார்க்கப் போனேன். மிளகாய் பழுத்து நின்ற நேரம். தோட்டத்தில் ஆட்களோடு ஆளாக அவளும் பறித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். நானே வந்து அழைத்துக்கொண்டு போய், நானே கொண்டு வந்து விடுகிறேன் என்றேன். காலையில் போனால் மாலைக்குள் வந்துவிடலாம் என்றேன். நீங்களும் கூட வாருங்கள் என்றேன். அவர் நான் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தார்.

"அன்னைக்கு நீங்க பொறுப்புன்னு சொன்னீக டீச்சர். அத நம்பித்தான் சேத்தேன். இன்னைக்கும் நீங்க பொறுப்புங்கிறீக. எத்தன தடவ நம்ப?" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். பழம் பறிக்க ஆள் கிடைக்காத நாளில் வந்து நிற்கிற விருந்தாளியிடம் பேசுகிற குரலில்தான் சொன்னார். கிளம்பும்போது ஒரு பை நிறைய மிளகாயும் கொடுத்தார். வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

அவள் வரவில்லை. ராமநாதபுரத்தில், வேறு பள்ளியின் ஆய்வகத்தில், என் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து எழுதினார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அவள் எண்ணுக்கு நேராக, வரவில்லை என்று எழுதிவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார். பள்ளியின் சார்பில் கையெழுத்துப் போட வேண்டியவள் நான்தான். போட்டேன்.

மறுநாள் மதியத்துக்கு மேல் அவள் ஆய்வகத்துக்கு வந்தாள். காலையில் தோட்டத்தில் பறித்துவிட்டு வந்திருக்கிறாள். விரல்கள் எரிச்சலில் சிவந்திருந்தன. நேற்று என்ன கேள்வி வந்தது என்று கேட்டாள். ஒரு எண்ணை வாங்கி அதைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டுகிற புரோகிராம் என்றேன். கையைத் தாவணியில் துடைத்துக்கொண்டு ஏழாம் நம்பரில் உட்கார்ந்தாள். சுவிட்சைப் போட்டாள். அது எழுந்தது. பெயரைக் கொடுத்தாள். உள்ளே விட்டது. எங்கேயும் நிற்காமல் அடித்துக்கொண்டே போனாள். ஓடவிட்டாள். முதல் தடவையிலேயே விடை வந்தது.

"சரியா டீச்சர்?"

"சரிதாம்மா."

"எம்புட்டு மார்க் போடுவாக?"

முழு மதிப்பெண் என்றேன். அவள் கேள்வியையும் விடையையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் சொல்லிக் கொடுத்திருந்த முறைப்படியே கம்ப்யூட்டரை அணைத்தாள். நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு, போயிட்டு வாரேன் டீச்சர் என்று சொல்லிவிட்டுப் போனாள்.